ஸ்கூபா டிரிம் எடை: அதிகச் செலவில்லாமல் நாமே செய்துகொள்வது எப்படி?

முதல் சில டைவ்களில் யாராவது பக்கவாட்டிலிருந்து உங்களை வீடியோ எடுத்திருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். நேராகப் படுத்தவாக்கில் போய்க்கொண்டிருந்ததாகத்தான் நினைப்பு இருக்கும். வீடியோவிலோ தலை மேலே, கால் கீழே, காலில் மாட்டும் துடுப்பான ஃபின் இரண்டும் மணலைக் கிளறிக்கொண்டு, பின்னால் வருபவருக்கு ஒரே கலங்கல். இப்படிச் சாய்ந்து போகிறவரை ஒவ்வொரு உதையும் முன்னால் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் தள்ளும். அதைச் சமாளிக்க அவர் பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) காற்றைக் குறைப்பார். குறைத்த பிறகு உதைப்பதை நிறுத்தினால் மூழ்குவார். அதனால் உதைத்துக்கொண்டே இருப்பார். குழுவில் முதலில் காலியாவது அவருடைய சிலிண்டர்தான்.

இதில் பெரும்பங்கு எடை இருக்கும் இடத்தின் கோளாறு. தண்ணீருக்குள் உங்களைத் தூக்கிப்பிடிப்பவை நுரையீரலும் பிசிடியின் காற்றுப்பையும். இரண்டும் மார்புப் பக்கம் இருக்கின்றன. கீழே இழுக்கும் ஈயம் முழுக்க இடுப்பு பெல்ட்டில். தூக்கும் விசையும் இழுக்கும் விசையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை உடம்பு திரும்பிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஈயத்தில் கொஞ்சத்தை எடுத்து வேறு இடத்தில் வைப்பதற்குப் பெயர்தான் டிரிம் எடை. மொத்த எடை கூடக் கூடாது, இடம் மட்டும் மாற வேண்டும். புதிதாக டைவ் செய்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கையில் புதுப் பை வந்ததும் அதில் போட இன்னும் 2 கிலோ கேட்பார்கள்.

கடையில் டிரிம் பாக்கெட் கிடைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் ஒரு துண்டு பெல்ட் துணி, ஒரு பை, ஒரு கொக்கி என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. சென்னை, புதுச்சேரி, அந்தமான் என்று வெதுவெதுப்பான கடலில், 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) வாடகை அலுமினியச் சிலிண்டருமாக டைவ் செய்பவருக்கு வீட்டுத் தயாரிப்பே போதும். பயிற்சியை முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் பயிற்சியாளர் கட்டிவிட்டபடியே போகட்டும்.

முதலில் மொத்தக் கணக்கு

மொத்த எடை சரியாக இல்லாமல் டிரிம் பார்ப்பதில் பயனில்லை. டைவ் முடிந்து மேலே வந்ததும், சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது, மூச்சுக் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்தபடி செங்குத்தாக மிதந்து, பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் மட்டம் கண்ணளவுக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். கல்லைப் போலச் சரசரவென்று இறங்கினால் எடை அதிகம். 1 கிலோ எடுத்துவிட்டு அடுத்த டைவில் மறுபடி பாருங்கள்.

முழுச் சிலிண்டரோடு சோதித்தால் அந்த அளவுக்கு மேல் சுமார் 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. வழக்கமான 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் என்றால் சுமார் 2,200 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் முக்கால்வாசியை நீங்கள் சுவாசித்து வெளியே விட்டுவிடுவீர்கள். அதே சிலிண்டர் முழுதாக இருக்கும்போது சற்றே மூழ்கும், கடைசியில் ஒன்றரை இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். டைவின் கடைசியில் பின்பக்கம் தூக்குகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்?

5 அல்லது 6 மீட்டர் ஆழத்தில், மணல் தரைக்கு மேலே, பவளம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள். ஏறாமல் இறங்காமல் நின்றதும் முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்குங்கள், கைகளை முன்னால் நீட்டுங்கள், தலையை நிமிர்த்துங்கள். அப்புறம் எதையும் அசைக்காதீர்கள். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். கால் இறங்குகிறதா, தலை இறங்குகிறதா என்று உடம்பே காட்டிவிடும். கூட வந்தவர் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. இந்தப் பத்து விநாடிக்குள் ஃபின்னை லேசாக ஆட்டிச் சரிசெய்யத் தோன்றும். ஆட்டினால் சோதனை வீண்.

நம் கடல்களில், மெல்லிய வெட்சூட்டோடு டைவ் செய்பவர்களில் கால் இறங்குபவர்களையே அதிகம் பார்க்கிறேன். கனமான ரப்பர் ஃபின் போட்டால் கேட்கவே வேண்டாம். 5 மில்லிமீட்டர் முழு வெட்சூட், லேசான பிளாஸ்டிக் ஃபின் என்றால் கால் மேலே தூக்கித் தலை இறங்கலாம்.

ஈயத்தைத் தொடுமுன்

உடம்பை வைத்திருக்கும் விதமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கால் இறங்குகிறவர் முழங்காலை மடக்கினால் ஃபின்னின் எடை உடம்புக்கு நெருங்கி வந்துவிடும். கைகளை முன்னால் நீட்டினால் தலைப் பக்கம் கொஞ்சம் கனக்கும். தலை இறங்குகிறவர் இதற்கு நேர்மாறாகக் காலைச் சற்று நீட்டிக் கையை மடக்கலாம். எல்லாம் சீசாப் பலகைக் கணக்குதான்.

அடுத்தது ஃபின். மார்பிலிருந்து பாதம்வரை ஒரு மீட்டருக்கு மேல் தூரம். அந்த முனையில் அரைக் கிலோ மாறினாலே பெரிய வித்தியாசம் தெரியும். டைவ் சென்டரில் வேறு வகை ஃபின் இருந்தால் ஒரு நாள் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

சிலிண்டரை மேலே ஏற்று, கீழே இறக்கு என்று ஒரு யோசனை எல்லோரும் சொல்வார்கள். எஃகுச் சிலிண்டருக்கு அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அது தண்ணீரிலும் கனமாகவே இருக்கும். அலுமினியச் சிலிண்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட எடையற்றது. அதை 4 சென்டிமீட்டர் நகர்த்தினால் பெரிதாக எதுவும் நடக்காது, தலையை நிமிர்த்தும்போது ரெகுலேட்டரில் இடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் பிறகும் சாய்ந்தால்தான் ஈயம். கால் இறங்குகிறது என்றால் பெல்ட்டிலிருந்து 1 கிலோவை எடுத்து மேலே, தோள்பட்டை உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இது ஏறத்தாழ அரை மீட்டர் நகர்த்தல். பாதி தூரம் மட்டும் நகர்த்தினால் அதே பலனுக்கு 2 கிலோ தேவைப்படும். தலை இறங்குகிறது என்றால் சிலிண்டரின் அடிப்பகுதிக்கு, அதைப் பிசிடியோடு இறுக்கும் பட்டைகளில் கீழ்ப்பட்டைக்குக் கொண்டுபோங்கள். கணுக்காலில் கட்டும் எடை எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு உதையிலும் அதையும் தூக்கிப் போட வேண்டும். ஒரு மணி நேர டைவில் தொடை வலிக்கும், காற்றும் கூடச் செலவாகும்.

எதை எடையாகப் போடலாம்?

ஈயம்தான். மலிவு என்று மணலையும் சிமெண்டையும் தேடிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். தரையில் 1 கிலோ இருக்கும் ஈயம் கடல் நீரில் சுமார் 910 கிராம் அளவுக்கு இழுக்கும். இரும்போ எஃகோ என்றால் 870 கிராம். மணல் 610 கிராம், கான்கிரீட் அதைவிடவும் குறைவு. 1 கிலோ ஈயக் கட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். அதே இழுவைக்கு ஒன்றரைக் கிலோ மணல் வேண்டும், அது ஒரு லிட்டர் பாட்டிலை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஜிம் சாமான் கடையில் விற்கும் கணுக்கால் பட்டைகளில் பெரும்பாலும் இருப்பது மணலோ இரும்புத் தூளோதான். ஒன்று பலன் தராது, மற்றது துருவாக வழியும். துருப்பிடிக்காத எஃகு வாஷர்களைக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம், தவறில்லை, ஆனால் ஈயத்தைவிட விலை கூடுதல்.

ஈயம் வாங்க டைவிங் கடையைத் தேட வேண்டியதில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக் குண்டு மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சென்னையில் காசிமேடு பக்கம் போனால் எடைபோட்டே வாங்கலாம். உளுந்து அளவுக் குண்டு கிடைத்தால் மிக நல்லது. பைக்குள் அது வளைந்து உட்காரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: பழைய ஈயத்தை வீட்டில் உருக்குவது. இணையத்தில் வாணலி, கேஸ் அடுப்பு, மணல் அச்சு என்று வீடியோக்கள் நிறைய உண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். மேலே படியும் சாம்பல்நிறக் கசடும் தூசும் அதைவிட மோசம். கண்ணுக்குத் தெரியாமல் சமையலறையில் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்த இதில் இறங்க வேண்டாம்.

சைக்கிள் டியூபில் ஒரு எடை

எனக்குப் பிடித்தது இதுதான். தையல் வேண்டாம், உப்பு அரிக்க உலோகம் வெளியே இல்லை, சிலிண்டரின் வளைவுக்கு ஏற்ப வளையும்.

பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் சைக்கிள் டியூப் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். சாதாரண சைக்கிளின் டியூபாக இருக்கட்டும். ரேஸ் சைக்கிள் டியூப் ஒல்லியாக இருக்கும், அதற்கு நீளம் அதிகம் வேண்டும். ஒட்டுப் போடாத பகுதியில் ஒரு சாண் அளவு, அதாவது 22 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வெள்ளைப் பவுடர் இருக்கும், கழுவி உலர்த்துங்கள்.

ஒரு முனையை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்பின் மேல் நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அதன்மேல் ஒரு கேபிள் டையும் போட்டு, மீந்த வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த முனை கையைக் கிழிக்கும். சமையல் தராசில் அரைக் கிலோ குண்டு நிறுத்து உள்ளே கொட்டுங்கள். தராசின் மேல் காகிதம் விரித்து நிறுங்கள், வேலை முடிந்ததும் காகிதத்தைக் குப்பையில் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரைக் கிலோ 10 சென்டிமீட்டர் நீளத்தைச் சுமாராக நிரப்பும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு அடுத்த முனையையும் அதேபோல மூடுங்கள். பிறகு சூடான ஊசியால் மூன்று நான்கு இடங்களில் துளை போடுங்கள். உள்ளே காற்று சிக்கினால் அதுவே சின்ன மிதவையாகிவிடும். துளை குண்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

முடிந்ததும் கையில் எடுத்துப் பலமாகக் குலுக்குங்கள். உள்ளே குண்டு சலசலத்தால் இடம் அதிகம் விட்டிருக்கிறீர்கள், இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு டைவிலும் குண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சாம்பல்நிறத் தண்ணீர் ஒழுகும்.

இப்படி இரண்டு செய்தால் மொத்தம் 1 கிலோ. சிலிண்டரின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒரே பக்கம் போட்டால் உடம்பு அந்தப் பக்கம் உருளும்.

தைத்த பை

ஈயக் கட்டிகளை டைவ் சென்டரிலேயே வாங்கிக்கொள்பவர்களுக்குப் பைதான் வசதி. பழைய ஸ்கூல் பேக்கின் அடித்துணி, காரின் சீட் பெல்ட் நாடா, 25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று, இவை போதும். பழைய வெட்சூட்டை வெட்டித் தைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தத் துணி மிதக்கும், இழுத்தால் நீளும். ஜீன்ஸ் துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் கணக்கில் காயாது.

பை உள்ளளவு 12 சென்டிமீட்டருக்கு 10 இருந்தால் 1 கிலோ கட்டி நன்றாக அடங்கும். பின்பக்கம், சிலிண்டர் பட்டை நுழையும்படி 55 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் வேண்டும். பட்டை பொதுவாக 50 மில்லிமீட்டர். மூடி நீளமாக மடிந்து உள்ளே செருகிக்கொள்ளட்டும், அதன்மேல் கொக்கி. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கட்டி விழக் கூடாது. வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள், மணல் புகுந்தால் பிடிப்பு போய்விடும். உலோக ஜிப் உப்பில் இறுகி நின்றுவிடும். அடியில் தண்ணீர் வடிய ஒரு கண்.

வீட்டுத் தையல் மெஷின் இந்தத் துணியில் திணறும். தெருமுனையில் செருப்பும் பையும் தைப்பவரிடம் கொடுத்தால் மெழுகிட்ட நைலான் நூலில் நாலு மூலையிலும் பெருக்கல் குறி போட்டுத் தைத்துவிடுவார். பருத்தி நூல் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாட்டும்போது

தையலும் வேண்டாம், டியூபும் வேண்டாம் என்றால், பெல்ட்டில் கோக்கும் 1 கிலோ கட்டியை நேராகச் சிலிண்டர் பட்டையிலேயே கோக்கலாம். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டி பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே புடைத்து நின்றால் பட்டை முழுக்க ஒட்டாது, நனைந்து கொஞ்சம் நெகிழ்ந்ததும் சிலிண்டர் நழுவும். பையும் டியூபும் பட்டைக்கு வெளிப்பக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. டியூபைப் பட்டையின் மேல் வைத்து இரண்டு கேபிள் டையாலோ டியூபிலிருந்தே வெட்டிய ரப்பர் வளையங்களாலோ பிடிக்கலாம். எதுவானாலும் பக்கிளுக்கு அடியிலும், பிசிடியின் முதுகுப் பலகைக்கும் சிலிண்டருக்கும் இடையிலும் எதுவும் சிக்கக் கூடாது.

பிசிடியில் ஒரே ஒரு பட்டைதான் என்றால், கால் இறங்குகிறவருக்கு மேலே மாட்ட இடம் இருக்காது. அப்போது நீளமான டியூப் ஒன்றை வளையமாக்கிச் சிலிண்டரின் கழுத்தில், தோள் வளைவில் உட்காரும்படி போடலாம். ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன் போட வேண்டும். போட்ட பிறகு வால்வு திருகியை முழுக்கத் திருகிப் பாருங்கள், ஹோஸ் எதுவும் அழுந்துகிறதா என்று பாருங்கள். இங்கே அரைக் கிலோவே நிறைய வேலை செய்யும்.

பட்டையை நனைத்து இறுக்கி, பிசிடியின் மேல்பிடியைப் பிடித்து முழுச் செட்டையும் தூக்கி இரண்டு முறை உலுக்குங்கள். சிலிண்டர் நழுவக் கூடாது, பை ஆடக் கூடாது. அதன்பின் டைவ் மாஸ்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் எந்த எடை கழன்றுவரும், எது வராது என்பது தண்ணீரில் இறங்குமுன் அவருக்கும் கூட டைவ் செய்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. டிரிம் எடையை அவசரத்தில் கழற்றி எறிய முடியாது. பெல்ட்டை ஒரே இழுப்பில் விடலாம், சிலிண்டரோடு கட்டியதை விட முடியாது. அதனால் எல்லா ஈயத்தையும் சிலிண்டருக்கு மாற்றாதீர்கள். மொத்தம் 6 கிலோ என்றால் 2 கிலோவுக்கு மேல் டிரிமுக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. மீதி பெல்ட்டில் இருக்கட்டும். கரையோரத்திலோ நீச்சல் குளத்திலோ, பிசிடியில் காற்றில்லாமல், பெல்ட்டைக் கழற்றிக் கூட வந்தவர் கையில் கொடுத்துவிட்டு மிதக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முடியவில்லை என்றால் டிரிமுக்குப் போன ஈயத்தில் கொஞ்சம் பெல்ட்டுக்குத் திரும்ப வேண்டும்.

குளத்தில் சரியாக அமைந்தது கடலில் கொஞ்சம் மாறும். கடல் நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். உடம்பும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டரைக் கிலோ கூட வேண்டும். அந்தக் கூடுதலை வழக்கம்போல இடுப்பில் போட்டால் கால் மறுபடி இறங்கும். பெல்ட்டுக்கும் மேல்பட்டைக்கும் பிரித்துப் போடுங்கள். ஒரு டைவுக்கு ஒரு மாற்றம், அதுவும் அரைக் கிலோ அளவில். எந்த வெட்சூட், எந்த ஃபின், எந்தச் சிலிண்டர், எங்கே எவ்வளவு என்று லாக் புக்கில் ஒரு வரி எழுதிவைத்தால் அடுத்த முறை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

டைவ் முடிந்ததும் பையையும் டியூபையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஆனால் மாஸ்க்கும் ரெகுலேட்டரும் ஊறும் பொதுத் தொட்டியில் போடாதீர்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் யார் வாய்க்கோ போகும். படகில் சமோசா நீட்டினால், ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ விமானத்தில் போகும்போது காலிப் பையை மட்டும் கொண்டுபோங்கள். ஈயம் அங்கே டைவ் சென்டரில் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே 1 கிலோ கட்டி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் 2 கிலோ கட்டி மட்டும்தான் வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அரைக் கிலோ டியூப் இரண்டையும் செக்-இன் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். கைப்பையில் வைத்தால் ஸ்கேனரில் கறுப்பாகத் தெரிந்து, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.